லண்டனிலை ஒரு பரப்புக் காணி

(சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் மேடைப் பேச்சுக்காரன் இல்லை. ஏ.எல். சோதனையோடை படிப்பு நின்றுவிட்டது. இப்ப பன்னிரண்டு வருடமாகச் சலாட் பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையிலை இரவு வேலை. செயலாளர் அண்ணை வந்து, "தம்பி, தோட்டத்தைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதையும்" என்றார். பொங்கல் உழவருடைய நாள். மண்டபத்துக்குள்ளை மின்சார அடுப்பிலை பொங்கினாலும் அது உழவருடைய நாள்தான். அதனாலை ஓம் என்று சொன்னேன். கடைசியிலை உங்களிட்டை ஒரு உதவியும் கேட்கப் போறன். அதற்கு முதல் எழும்பிப் போகாதேங்கோ.

எங்கட கடைகளிலை இருக்கிற மரக்கறி பெரும்பாலும் விமானத்திலை வாறது. நான் கடைக்காரரைக் குறை சொல்ல வரவில்லை. வாழையிலையும் முருங்கைக்காயும் இந்தக் குளிருக்குள்ளை எங்களுக்குக் கிடைக்கிறது அவையளாலைதான். ஆனால் அவ்வளவு தூரம் பயணப்பட்ட கீரை கீரை இல்லை. கட்டைப் பிரித்தால் பாதி குப்பை வாளிக்குள்ளை போகுது. மிச்சத்தைச் சமைத்தால் வாசமில்லை. விலையைக் கேட்டால் எடுத்ததைத் திருப்பி வைக்கச் சொல்லுது மனம்.

அதைவிட, அந்த வழி எந்த நேரத்திலும் அடைபடக் கூடியது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாவற்காய், புடலங்காய், சேம்பு எல்லாவற்றையும் உள்ளே விடாமல் நிறுத்தியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்டிகளுக்குள்ளை பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்தது காரணம். பிரித்தானியா அப்ப ஒன்றியத்துக்குள்ளை இருந்தபடியால் எங்களுக்கும் அதே சட்டம். மாம்பழத் தடை 2015 தொடக்கத்திலை எடுபட்டது. மரக்கறிக்கு இன்னும் நாள் சென்றது.

வெள்ளைக்காரருடைய சாப்பாட்டுக்கும் இதே கதைதான். நான் நிற்கிற இடத்திலை குளிர்காலம் முழுக்க ஸ்பெயின் லெட்டியூஸ்தான் ஓடும். 2017 பெப்ரவரியிலை அங்கை மழையும் குளிரும் பிடித்தபோது, சுப்பர் மார்க்கெற்றிலை ஒரு ஆளுக்கு இரண்டு, மூன்று லெட்டியூசுக்கு மேலே விற்கவில்லை. 2023 பெப்ரவரியிலை தக்காளி, வெள்ளரிக்காய், கப்சிக்கம் எல்லாத்துக்கும் அதே மட்டுப்பாடு. ஸ்பெயினிலையும் மொரோக்கோவிலையும் காலநிலை பிழைத்தது ஒரு காரணம். இஞ்சை லண்டனுக்கு வடகிழக்கே லீ பள்ளத்தாக்கு என்று கண்ணாடி வீடுகளாலை நிறைந்த ஒரு பிரதேசம் இருக்கு. காஸ் விலை ஏறினதாலை அங்கை பலர் கண்ணாடி வீட்டைச் சூடாக்கி நேரத்துக்கு நடவில்லை. அது இன்னொரு காரணம். உலகத்திலேயே பெரிய பட்டணங்களிலை ஒன்று, இரண்டு கிழமை மழைக்குத் தக்காளி இல்லாமல் நின்றது. தட்டு வெறுமையாய் இருந்ததைப் படம் பிடித்துப் பேப்பரிலை போட்டார்கள்.

எனக்கு அது புதினமாய்த் தெரியவில்லை. 2006 ஆகஸ்டிலை ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது யாழ்ப்பாணத்திலை இருந்தவைக்கு அது என்னவென்று தெரியும். கப்பல் வந்தால்தான் மா, சீனி. கப்பல் வராத கிழமைகளிலை எங்கட வீட்டைக் காப்பாற்றினது வேலியிலை நின்ற முருங்கையும், கிணற்றடியிலை நின்ற வாழையும், அம்மா கழுவின தண்ணி விட்டு வளர்த்த கீரையும்தான். கையிலை காசு இருந்தவையும் இல்லாதவையும் ஒரே கறியைத்தான் தின்றோம்.

சரி, லண்டனிலை காணி எங்கை கிடக்கு என்று கேட்பீர்கள். கிடக்கு. இந்த நாட்டிலை "அலொட்மென்ற்" என்று ஒன்று இருக்கு. ரெயிலிலை போகேக்கை தண்டவாளத்துக்குப் பக்கத்திலை சின்னச் சின்னக் கொட்டிலும் பாத்தியுமாய்க் காண்கிறீர்களே, அதுதான். கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தாற தோட்டத் துண்டு. ஒரு முழுத்துண்டு 10 ரொட். ரொட் என்பது பழைய ஆங்கில அளவு, எங்கட காணி உறுதியிலை எழுதுகிற பேர்ச்சும் அதுவும் ஒன்று. 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். அதாவது இந்த நாட்டுத் தொழிலாளிக்கு என்று ஒதுக்கின துண்டு சரியாக எங்கட ஒரு பரப்பு, 250 சதுர மீற்றர் அளவு. இதை நான் முதல் முதல் கணக்குப் பார்த்த அன்றைக்கு வேலைத்தலத்திலை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். போலந்துக்காரர் ஒருவருக்கும் அது விளங்கவில்லை! இப்ப பல கவுன்சில்கள் ஆட்கள் கூட என்றபடியால் துண்டை இரண்டாக்கி அரைப் பரப்புத்தான் கொடுக்கினம். அரைப் பரப்பும் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சமில்லை.

இது யாரும் எங்களுக்குப் போடுகிற பிச்சை இல்லை என்பதையும் சொல்ல வேணும். 1908 ஆம் ஆண்டுச் சட்டத்திலை எழுதிக் கிடக்கு. ஒரு இடத்திலை வாக்காளர் அல்லது கவுன்சில் வரி கட்டுகிற ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து தோட்டத் துண்டு வேணும் என்று எழுதிக் கேட்டால், கவுன்சில் அதைக் கவனத்திலை எடுக்கத்தான் வேணும். இந்தத் தேவைக்கென்று வாங்கின நிலத்தை அமைச்சருடைய அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று 1925 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. இரண்டாம் உலக யுத்தத்திலை உணவுக் கப்பல்களை ஜேர்மன் நீர்மூழ்கிகள் தாழ்த்தினபோது, இந்த அரசாங்கமே சனத்தைப் பார்த்து மண்ணைக் கொத்துங்கோ என்று சொன்னது. லண்டன் கோபுரத்தைச் சுற்றியிருக்கிற அகழிக்குள்ளையே மரக்கறி நட்டார்கள். இராசாவின்ரை கோட்டை அகழியிலை கோவா வளர்ந்திருக்கு! ஆனபடியால் மண்வெட்டியோடை நிற்கிறதுக்கு ஒருத்தரும் வெட்கப்படத் தேவையில்லை. இதை ஏன் சொல்லுறன் என்றால், "ஊரிலை தோட்டம் செய்து படிக்க வைத்ததே தோட்டத்தை விட்டுப் போகத்தான்" என்று ஒரு அண்ணை எனக்குச் சொன்னவர். அவருடைய கவலை எனக்கு விளங்குது. ஆனால் அவரும் போன ஆடியிலை என்னட்டை இரண்டு பை பூசணிக்காய் வாங்கிக்கொண்டு போனவர்.

"எங்களுக்குத் தரமாட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டு கேளாமலே இருக்கிற ஆட்கள் எங்களுக்குள்ளை நிறைய. பொதுவாக அவை கேட்கிறது நீங்கள் அந்தக் கவுன்சில் எல்லைக்குள்ளை இருக்கிறீர்களோ என்றுதான். காத்திருக்கிற பட்டியல் நீளம், அது உண்மை. நகரத்தின் உட்பகுதியிலை வருடக் கணக்காகும். விசாவுக்கு வருடக் கணக்காகக் காத்திருந்த சனம் நாங்கள், இதுக்கும் பெயரைப் பதிந்துவிட்டு இருக்கலாம். இன்றைக்குப் பதிந்தால்தானே ஒரு நாள் வரும்.

மாடிக் குடியிருப்பிலை இருக்கிறவை கவுன்சில் வீட்டுத் தொகுதிக்குள்ளையே இடம் கேட்கலாம். 2008 இலை "கப்பிற்றல் குரோத்" என்ற திட்டம் தொடங்கி, 2012 முடிய லண்டனிலை 2012 புதிய தோட்ட இடங்களை உண்டாக்கியது. பள்ளிக்கூட முற்றம், வீட்டுத் தொகுதியின் புல்தரை, கூரை மேல் என்று எல்லா இடத்திலும். உங்கட வீட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கக் கூடும், விசாரியுங்கோ.

மண்ணைப் பற்றி ஒரு சொல். ஊர்ச் செம்பாட்டை நினைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். லண்டனிலை பெரும்பாலும் களி. மழைக்குச் சப்பாத்திலை ஏறும், வெயிலுக்கு வெடிக்கும். இலைக்குப்பை, குதிரை எரு, சமையலறைக் கழிவு உக்க வைத்தது என்று வருடா வருடம் போடப் போடத்தான் பதம் வரும். பழைய பட்டணம் என்றபடியால் சில இடத்து மண்ணிலை ஈயம் இருக்கும். முன்னர் என்ன நடந்த இடம் என்று கேட்டு அறியுங்கோ. ஐமிச்சமாயிருந்தால் பலகை அடித்து, வாங்கின மண் நிரப்பி அதிலை நடுங்கோ. பிள்ளையளுக்குக் கொடுக்க முதல் மண் போகக் கழுவுங்கோ.

அடுத்தது காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று படித்துவிட்டு வந்தோம். இஞ்சை ஆடியிலை விதைத்தால் வெந்தயமும் கொத்தமல்லியும்தான் மிஞ்சும். இந்த ஊருக்கு வேறு பஞ்சாங்கம் வேணும். நான் எங்கட மாதங்களை வைத்தே ஒன்று கணக்குப் பண்ணி வைத்திருக்கிறன். மாசியிலை மிளகாய், கத்தரி விதையை வீட்டுக்குள்ளை யன்னலடியிலை சட்டியிலை போடுங்கோ. பங்குனியிலை உருளைக்கிழங்கு வெளியிலை. சித்திரை வருடப்பிறப்பு அன்றைக்குக் கைவிசேஷம் வாங்கின கையோடை பூசணி, சுரை, பாவல் விதையைச் சின்னச் சட்டிகளிலை போடுங்கோ, ஆனால் வீட்டுக்குள்ளை. வெயிலைக் கண்டு ஏமாந்து வெளியிலை நடக் கூடாது. சித்திரை முடியுமட்டும் இரவிலை உறைபனி வரலாம், ஒரே இரவிலை கன்று கறுத்துப் போகும். வைகாசி பிறந்த பிறகு பகலிலை வெளியே, இரவிலை உள்ளே என்று ஒரு பத்து நாள் பழக்கி, அதுக்குப் பிறகு நிலத்திலை. ஐப்பசியிலை உள்ளி. ஒரு பூடு நட்டால் அடுத்த ஆனி, ஆடியிலை ஒரு முழு உள்ளி. எல்லாப் பயிருக்குள்ளையும் கரைச்சல் இல்லாதது அதுதான்.

சிறகவரை விதை ஊரிலையிருந்து எடுப்பித்து நட்டவையும் இருக்கினம். கொடி கூரை மட்டும் ஏறும், காய் வராது. அது பகல் குறுகினால்தான் பூக்கும். இஞ்சை ஆனியிலை பதினாறு மணித்தியாலத்துக்கு மேலை வெளிச்சம். பூக்கிற நேரத்துக்குக் குளிர் வந்துவிடும். பாவற்காயும் கண்ணாடி வீடு இல்லாமல் ஒழுங்காய்க் காய்க்காது. 2022 இலை 40 பாகை வெயில் எறித்ததே, அந்த வருடம் மட்டும் வெளியிலும் காய்த்தது. அதை நம்பித் தோட்டம் செய்ய ஏலாது.

அதனாலைதான் நான் சொல்லுறது: ஊர்ப் பயிரை இஞ்சை கொண்டு வரப் பாடுபடுகிறதிலை பாதியை, இஞ்சத்தைப் பயிரை எங்கட சட்டிக்குள்ளை கொண்டு வாறதிலை செலவழியுங்கோ. கேல் என்று கரும்பச்சைச் சுருள் இலை, மார்கழிப் பனிக்கும் சாகாது. அதை நரம்பு நீக்கி மெல்லிசாய் அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் போட்டு வறை வறுத்துப் பாருங்கோ. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் முருங்கையிலை என்று சத்தியம் பண்ணுவீர்கள். பீற்றூட்டின் இலையைச் சனம் முறித்து எறியுது. அது அருமையான கீரை. கூஜெற் என்கிற காய் முற்றவிட்டால் சுரைக்காய் மாதிரிப் பால்கறிக்கு நிற்கும். பிரம்லி அப்பிள் என்று ஒரு புளிப்பு அப்பிள் இருக்கு. பச்சடிக்கும் பருப்புக்கும் மாங்காய் தேடி அலையத் தேவையில்லை. ரூபாப் தண்டும் பருப்புக்குள்ளை போட்டால் நல்ல புளிப்பு. ஆனால் ரூபாப் இலை நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். தண்டு மட்டும்.

கீரைக்குக்கூட நாங்கள் தனித்து நிற்கவில்லை. எங்கட பக்கத்துப் பாத்தி ஜமேக்கா நாட்டு முதியவர் ஒருவருடையது. அவர் "கலலூ" என்று பெருமையாய்க் காட்டினது என்ன என்று பார்த்தால், எங்கட முளைக்கீரை! அங்காலை வங்காள தேசத்து அம்மா ஒருவர் சுரைக்குப் பந்தல் போட்டிருக்கிறா. எங்கட மாமி அதைப் பார்த்துவிட்டு, கயிறு கட்டின முறை பிழை என்று போய்த் திருத்திக் கொடுத்தா. இரண்டு பேருக்கும் ஒரு பாசையும் பொதுவில்லை. இப்ப விதை மாற்றுகினம்.

தோட்டம் செய்ய உடம்பும் நேரமும் இல்லாதவை இருப்பினம். அவைக்கும் வழி இருக்கு. 1999 இலையிருந்து லண்டனிலை உழவர் சந்தைகள் நடக்குது. சுற்றுவட்டாரத் தோட்டக்காரர் தாங்களே கொண்டுவந்து விற்கிறது. விலை கொஞ்சம் கூட, ஆனால் முடிகிற நேரம் போனால் குறைப்பினம். கிழக்கு லண்டன் ஆட்களுக்கு லேற்றனிலை நியூ ஸ்பிற்றல்பீல்ட்ஸ் மொத்தச் சந்தை இருக்கு. நடுச்சாமத்திலையிருந்து விடியும் வரைதான் வியாபாரம். எங்களைப் போல இரவு வேலைக்காரருக்குத் தோதான கடை உலகத்திலை அது ஒன்றுதான். பெட்டியாய்த்தான் எடுக்க வேணும். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்துப் பங்கு போட்டால் கடை விலையிலை பாதியும் வராது. இஞ்சை விளைந்தது எது என்று பெட்டியிலை எழுதியிருக்கும், பார்த்து எடுங்கோ.

இனி நான் கேட்க வந்த விசயம்.

எங்கட சங்கத்து ஐயா ஒருவர், பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டவர், பதினாலு வருடமாய் அரைப் பரப்புத் துண்டு ஒன்று செய்து வாறார். 1990 இலை வலிகாமம் வடக்கிலையிருந்து உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டவர். காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளை போய்விட்டது. பிறகு ஊரிலை பல காணிகள் விடுபட்டன, அவருடையது அந்த வரிசையிலை வரவில்லை. அவர் தொடங்கேக்கை இந்தத் துண்டு முள்ளும் உடைந்த போத்திலும். இப்ப அந்த மண்ணைக் கையிலை அள்ளினால் பொலபொல என்று உதிரும். எத்தினை மூட்டை எரு அதுக்குள்ளை போயிருக்கும் என்று அவருக்கே தெரியாது.

போன வைகாசியிலை அவருக்கு முழங்காலிலை சத்திரசிகிச்சை. அதுக்குப் பிறகு குனிய ஏலாது. நானும் இன்னும் இரண்டு பேரும் சனி, ஞாயிறு போய்ச் செய்தம். மூன்று பேரிலை இரண்டு பேர் இரவு வேலை. பாதித் துண்டு புல் மூடிவிட்டது. கார்த்திகையிலை கடிதம் வந்தது: துண்டிலை முக்கால்வாசி செய்கையிலை இருக்க வேணும், ஏப்ரில் முடிவிலை வந்து பார்ப்பம், இல்லையென்றால் பட்டியலிலை அடுத்த ஆளுக்குப் போகும். அவை சொல்லுறதிலை பிழை இல்லை, பட்டியலிலை ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கினம்தானே. சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தாருங்கோ என்று நாங்கள் கேட்டு எழுதினம். முதலிலை துண்டைத் திருத்துங்கோ, பிறகு பார்ப்பம் என்று பதில்.

அந்தத் துண்டு ஐயாவுக்கு மட்டும் தேவையான ஒன்று இல்லை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஹோட்டலிலை இருக்கிற எங்கட பெடியளை யோசியுங்கோ. வேலை செய்ய அனுமதி இல்லை. 2024 இலை சாப்பாடு தாற இடத்திலை இருக்கிற ஒருவருக்கு வாரம் 8 பவுண் 86 பென்ஸ், தானே சமைக்கிற இடத்திலை 49 பவுண் 18 பென்ஸ். ஆனால் இப்படியான இடத்திலை தொண்டு வேலை செய்யத் தடை இல்லை. மன்னார்ப் பக்கத்துப் பெடியன் ஒருவன் போன ஐப்பசியிலை என்னோடை வந்தவன். மூன்று ஞாயிறு ஒரு கதையும் இல்லை. நாலாவது ஞாயிறு நான் உள்ளி நட்டதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, கூர்ப் பக்கம் மேலை இருக்க வேணும், நீங்கள் சிலதைச் சரித்து வைக்கிறியள்" என்றான். பிறகு தானே வாங்கி மிச்சம் முழுக்க நட்டான். தகப்பன் வெங்காயத் தோட்டக்காரராம். அன்றைக்குத்தான் அவன்ரை தகப்பனைப் பற்றி நான் முதல் முதல் கேள்விப்பட்டது. அந்த உள்ளி இப்ப நாலு விரல் உயரம் முளைத்து நிற்குது. ஆனியிலை கிண்ட வேணும். ஏப்ரிலிலை துண்டு போனால் அதை வேறு யாரோ கிண்டுவினம்.

எனக்கு எட்டுக் குடும்பம் வேணும். ஒவ்வொரு ஞாயிறும் வரச் சொல்லவில்லை, மாதத்திலை ஒன்று, இரண்டு மணித்தியாலம் போதும். கொத்தத் தெரியாதவை புல் பிடுங்கலாம். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளை விளையிறது என்று நேரிலை கண்டால் அவை நம்புவினம். விளையிறதை வந்தவை எல்லாருக்கும் பங்கு போடுவம். குனிய ஏலாத பெரியவை கதிரையிலை இருந்து எங்களை ஏசினாலும் காணும், ஐயா அதைத்தான் இப்ப செய்கிறார். வாசலடியிலை ஒரு கொப்பி வைத்திருக்கிறன். போகேக்கை பெயரையும் எந்த ஞாயிறு வசதி என்பதையும் எழுதிவிட்டுப் போங்கோ.

(அச்சுக்குப் போகும்போது எழுதியது: கொப்பியில் பதினொரு குடும்பங்கள் பெயர் எழுதின, ஏழு குடும்பங்கள் ஒழுங்காக வருகின்றன. புல் மூடிய பகுதியில் மூன்றிலொரு பங்கு இன்னும் கிடக்கிறது. உருளைக்கிழங்கு பங்குனியில் நட்டாயிற்று. கவுன்சில் ஆட்கள் ஏப்ரில் கடைசிக் கிழமை வருகிறார்கள். அதற்கிடையில் வரும் ஞாயிறுகளில் காலை பத்து மணியிலிருந்து அங்கே நிற்போம். பழைய சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். மண்வெட்டி எங்களிடம் நாலுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.)